பாதி விலை பெப்டைடு

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நான் பிடித்த சிக்கனம் மூன்று மாதங்களை விழுங்கியது.

‘சார்க்’ என்றொரு புரதம் (தெற்காசியக் கூட்டமைப்பு அல்ல). அதில் ஏறக்குறைய 100 அமினோ அமிலங்களால் ஆன எஸ்.எச்.2 என்ற பகுதி, பாஸ்பேட் ஏறிய டைரோசின் என்ற அமினோ அமிலத்தை (பாஸ்போடைரோசின்) கண்டால் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடியின் வலிமையை அளப்பது என் வேலை. அதற்கு அந்த டைரோசின் உள்ள பெப்டைடு, அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, வேண்டும். பாஸ்பேட் ஏற்றிய பெப்டைடின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. டைரோசினுக்குப் பதில் குளுட்டமேட் என்ற வேறோர் அமினோ அமிலத்தை வைத்த பெப்டைடு பாதி விலைக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் எதிர்மின்சுமைதானே, பாஸ்பேட் ஏறிய செரினுக்கு (பாஸ்போசெரின்) மாற்றாகப் பலர் குளுட்டமேட்டை வைப்பதும் உண்டு. வாங்கிவிட்டேன்.

பிணைப்பின் வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரில், புரதக் கரைசலுக்குள் பெப்டைடு சொட்டுச் சொட்டாக விழ, முதலில் வெப்பம் பொங்கிப் பின்பு படிப்படியாக அடங்க வேண்டும். எனக்கு வந்தவை ஒரே உயரத்தில் குட்டிக் குட்டி முட்கள். வெறும் நீர்த்தலின் வெப்பம். புரதத்தை மறுபடி சுத்திகரித்தேன். உப்பைக் குறைத்தேன். கருவியைத் தேய்த்துக் கழுவினேன். பெப்டைடை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது என் சொந்த முடிவல்லவா!

கடைசியில் ஆய்வகத்தின் மூத்த அக்கா, இந்த எஸ்.எச்.2 பகுதிக்கு 1993இல் வெளியான படிக அமைப்பைத் திரையில் திறந்து சுழற்றிக் காட்டினார். ஆழமான குழி, அதன் அடியில் பாஸ்பேட்டைப் பிடிக்கும் நேர்மின்சுமை அமினோ அமிலமான ஓர் ஆர்ஜினின். டைரோசினின் வளையம் தரும் நீளம் இருந்தால்தான் பாஸ்பேட் அதுவரை எட்டும். பாஸ்போசெரினுக்கே எட்டாது. குளுட்டமேட்டுக்கோ நீளமும் போதாது, மின்சுமையும் ஒன்றுதான். பாஸ்பேட்டுக்கு ஏறக்குறைய இரண்டு.

“கிணறு ஆழம், உன் கயிறு குட்டை” என்றார்.

அதோடு விடவில்லை. பெப்டைடில் பாஸ்போடைரோசினுக்கு அடுத்து மூன்றாவதாக வரும் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் போய் அமரும் இரண்டாவது குழியையும் காட்டினார். கிராப்2 என்ற இன்னொரு புரதத்தின் எஸ்.எச்.2 பகுதியில் அந்த வழியை டிரிப்டோபன் என்ற பெரிய அமினோ அமிலம் ஒன்று மறித்து நிற்கிறது. அதனால் பெப்டைடு நேராகப் போக முடியாமல் வளைகிறது. ஐசோலூசினுக்குப் பதில், இரண்டாம் இடத்தில் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைக் கிராப்2 கேட்கிறது. ஒரே அச்சில் வார்த்த பூட்டுகள், சாவிப் பற்கள் மட்டும் வேறு. அன்று மாலை முழுவதும் அந்தப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியான பெப்டைடு வந்த அன்று முதல் சொட்டிலேயே கோடு சரிந்தது. பிரிகை மாறிலி (குறையக் குறையப் பிடி இறுக்கம்) ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழே. மீதமிருந்த குளுட்டமேட் குப்பியை அக்கா வீசவிடவில்லை. பிணையாத பெப்டைடு எப்படித் தெரியும் என்று காட்ட, என் ஆய்வேட்டில் அதற்கென்று ஒரு படம் இருக்கிறது.