எங்கள் பெயருக்கு நாங்களே கொடுத்த காசு

போன வருடம் முதலாளி ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, நம்ம பேரைப் போட்டுத் தேடறவன் நம்மகிட்ட வரத்தானே தேடறான்? அவனுக்கு எதுக்கு விளம்பரம்?"

கோவையில் வெட் கிரைண்டர் செய்கிற நிறுவனம் எங்களுடையது. ஆன்லைன் விளம்பரம் என் பொறுப்பு. லேப்டாப்பைத் திருப்பி, விளம்பரச் செலவையும் விற்பனையையும் கணக்குக் காட்டும் டாஷ்போர்டைக் காட்டினேன். எங்கள் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தில் ஒரு ரூபாய் போட்டால் 14 ரூபாய்க்கு விற்பனை என்று பச்சை நிறத்தில் இருந்தது. "சரி, நீ படிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டு அசெம்ப்ளி பக்கம் போய்விட்டார்.

அதே கேள்வியை சென்னையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாநாட்டில், நுழைவுக் கட்டணம் கட்டி, இன்னொருவர் வாயால் இரண்டாம் முறை கேட்டேன்.

சேரன் எக்ஸ்பிரஸில் அரைத் தூக்கத்தோடு போய் இறங்கியதால் காலை அமர்வுகள் பாதி மனதில் நிற்கவில்லை. எல்லாம் ஏஐ. ஒருவர் குக்கீ, அதாவது நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று விளம்பரக்காரர்கள் பின்தொடர உலாவியில் வைக்கும் சிறு கோப்பு, ஒழியப்போகிறது என்று பழைய ஸ்லைடோடு வந்திருந்தார். 2020இல் கூகுள் தன் குரோம் உலாவியில் அதை இரண்டு வருடத்தில் நிறுத்துவதாகச் சொன்னது, தள்ளித் தள்ளிப் போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதை நம்பி நானும் எங்கள் ஆபீசில் மூன்று முறை பயமுறுத்தியிருக்கிறேன் என்பதால் சிரிக்க முடியவில்லை.

மதியத்துக்குப் பிறகு பேசியவர் ஈபே என்கிற ஆன்லைன் சந்தையின் கதையைச் சொன்னார். 2012இல் அமெரிக்காவில் யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடலிலும் தன் பெயருக்கான விளம்பரத்தை ஈபே நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்த கிளிக்குகளில் ஏறக்குறைய அத்தனையும், சுமார் 99.5 சதவீதம், கீழே இலவசமாக வரும் இணைப்பு வழியே வந்து சேர்ந்தன. அப்புறம் மற்ற சொற்களுக்கான கூகுள் விளம்பரத்தையும் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தினார்கள். அடிக்கடி வாங்குபவர்கள் விளம்பரம் இல்லாமலே வாங்கினார்கள். ஈபேயைப் பெரிதாகத் தெரியாதவர்களிடம்தான் விளம்பரம் வேலை செய்திருந்தது.

எனக்கு அந்தப் பச்சை 14 ஞாபகம் வந்தது. கடை வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவர் கையிலும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, இத்தனை பேரை நான்தான் கூட்டிவந்தேன் என்று கணக்குச் சொல்லியிருக்கிறேன். டாஷ்போர்டு பொய் சொல்லவில்லை. வாங்கியவர் கடைசியாக எதைத் தட்டினார் என்பதைச் சொன்னது. தட்டாமல் இருந்திருந்தால் வாங்கியிருப்பாரா என்று அதனிடம் நான் கேட்கவே இல்லை.

கேள்வி நேரத்தில் மைக் கிடைத்தது. "ஈபே பெரிய நிறுவனம். எங்களுக்கு ஆன்லைனில் வாரத்துக்கு நாற்பது கிரைண்டர் போனால் பெரிது. நிறுத்திப் பார்த்து அது முப்பத்தைந்தானால் விளம்பரம் இல்லாததாலா, சும்மாவே குறைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" நல்ல கேள்வி என்றார். பிறகு பேசலாம் என்றார். பிறகு அவரைச் சுற்றிக் கூட்டம், எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஊருக்கு வந்து முதலாளியிடம் போய், "நீங்க கேட்டது சரிதாங்க" என்றேன். எது என்று அவருக்கு ஞாபகமே இல்லை. விளம்பரத்தை நிறுத்தினோம். நான்காம் நாள் காலை ஆறரைக்கு போன். "நம்ம பேரைப் போட்டா இன்னொருத்தன் கிரைண்டர் மேல வருதும்மா!" போட்டி நிறுவனம் எங்கள் பெயருக்கே விளம்பரம் போட்டிருந்தது. முன்பே போட்டிருந்தார்களா, நாங்கள் விலகியதால் கண்ணில் பட்டதா, தெரியாது. அன்றே திரும்ப ஆன் செய்தேன். மூன்று நாள் சோதனையில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

இப்போது அந்தச் செலவு வாடகை மாதிரி ஓடுகிறது. பாதியையாவது எங்கள் பெயர் தெரியாத ஊர்களுக்கு, நாக்பூருக்கோ புனேவுக்கோ, திருப்பலாமா என்று யோசிக்கிறேன். அங்கே 14 வராது, 3 வந்தால் அதிகம். அதை எந்த நிறத்தில் காட்டி முதலாளியை நம்பவைப்பது?

ஷோரூமில் பில் போடும் அக்காவிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். வாங்குபவர்களிடம் எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதுகிறார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு பேர். கூகுள் இரண்டு, இன்ஸ்டாகிராம் ஒன்று, நாத்தனார் வீட்டில் இருக்கிறது என்று நான்கு. மிச்ச ஐந்துக்கும் அக்கா ஒரே பதிலை எழுதிவிட்டு, அடுத்தடுத்து மேற்படி, மேற்படி என்று போட்டிருக்கிறார்: "தெரியுமுங்க, அவ்வளவுதான்."