ஏதாவது ஒண்ணு அழுத்திட்டுப் போங்க தம்பி

பூத்தில் பதிவான வாக்குகளுக்குக் கணக்கு எழுதும் 17சி படிவத்தில் மூன்றாவதாக ஒரு வரி வரும்: 49-ஓ விதியின் கீழ் வாக்களிக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்களின் எண்ணிக்கை. 2024 ஏப்ரல் 19 சாயங்காலம் அந்த இடத்தில் பூஜ்யம் எழுதி, கையெழுத்துப் போட்டு, வேட்பாளர்களின் முகவர்களுக்கு நகலும் கொடுத்தேன். வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டுக் கணக்கும் மெஷின் கணக்கும் ஒன்றுகூடப் பிசகாமல் ஒத்துப்போயின. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று தெரியும். அந்தப் பூஜ்யத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அது வேறொன்றாக இருந்திருக்கலாம், அப்படி ஆகாமல் போனதில் என் பங்கு எவ்வளவு என்பதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அன்று ஓட்டுப் போட ஒரு பையன் வந்தான், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எனக்குக் கீழே மூன்று வாக்குப்பதிவு அலுவலர்கள், பி1, பி2, பி3 என்போம். பி1 பெயரை வாசித்தார், முகவர்கள் பட்டியலில் கோடு போட்டார்கள், பி2 கையெழுத்து வாங்கி மை வைத்தார், பி3 சீட்டை வாங்கிக்கொண்டு பேலட் பட்டனை அழுத்தினார். கட்டுப்பாட்டுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஓட்டு விழும்வரை அது அணையாது. எரிந்துகொண்டே இருந்தது. மறைப்பு அட்டைக்குக் கீழே அவன் கால்கள் மட்டும் தெரிந்தன, ஒரு பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. "பட்டனை நல்லா அழுத்துங்க, பீப் சத்தம் வரணும்" என்று பி3 குரல் கொடுத்தார். சத்தம் வரவில்லை. நான் எழுந்துபோய், உள்ளே எட்டிப் பார்க்காமல் தள்ளி நின்று, "மெஷின்ல ஏதாவது பிரச்சனையா தம்பி?" என்று கேட்டேன். அவன் வெளியே வந்தான்.

"இல்ல சார். யாருக்குப் போடறதுன்னு தெரியல."

முகவர்கள் சிரித்துவிட்டார்கள். "நாங்க சொல்லலாம்னா சட்டம் தடுக்குது" என்றார் ஒருவர். பி3 உதவி செய்வதாக நினைத்து, "கடைசியில நோட்டா இருக்கு பாருங்க" என்றார். அதற்கு அவன் சொன்னான்: "நோட்டா யாருமே வேண்டாம்கிறவங்களுக்கு. எனக்கு அப்படி இல்ல சார். ரெண்டு பேர்ல யாருன்னு முடிவு பண்ண முடியல."

வெளியே வரிசை வெயிலில் நின்றது. உள்ளே சிவப்பு விளக்கு. நான் சொன்னேன்: "உள்ள வந்தாச்சு, மையும் வச்சாச்சு. ஏதாவது ஒண்ணு அழுத்திட்டுப் போங்க தம்பி."

அவன் உடனே போகவில்லை. "நீங்க போட்டுட்டீங்களா சார்?" என்றான்.

"இன்னும் இல்ல."

"ஏன் சார்?"

"வேலை இருக்குல்ல, அப்புறம் போடுவேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனான். போன வேகத்தில் பீப் வந்தது. யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு வினாடி தெரியும், அதைக்கூடப் பார்க்காமல் வெளியேறிவிட்டான். அடுத்தவரைக் கூப்பிட்டோம்.

வேலை இருந்தது உண்மைதான், ஆனால் நான் ஓட்டுப் போடாமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லை. எனக்கு ஈ.டி.சி., அதாவது தேர்தல் பணிச் சான்றிதழ், கிடைத்திருந்தது. டூட்டி பார்க்கும் பூத்திலேயே எப்போது வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கியதும் பி2 கேட்டார், சார் முதல் ஓட்டு நீங்களே போட்டுடுங்களேன் என்று. அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சமூக அறிவியல் வாத்தியார், நாடாளுமன்றம் என்றால் என்ன என்று வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு எடுப்பவன், மாதிரி வாக்குப்பதிவில் ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டிவிட்டு என் ஒரு ஓட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதற்காக என்னைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இறக்கி, நோட்டரி முத்திரை விழுந்து மங்கிப்போன பக்கங்களைப் பெரிதாக்கிப் படித்தேன். யார் பெயரில் எத்தனை சவரன், எந்த ஊரில் எவ்வளவு நிலம், எந்தக் காவல் நிலையத்தில் என்ன வழக்கு என்று எல்லாம் இருந்தது. டெல்லிக்குப் போய் இவர் என்ன பேசுவார் என்பதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பிரச்சாரம் என்பார்கள். வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்தது மார்ச் 30, பிரச்சாரம் ஓய்ந்தது ஏப்ரல் 17. திமுக தேர்தல் அறிக்கை மார்ச் 20-லேயே வந்துவிட்டது, அதிமுகவுடையது இரண்டு நாள் கழித்து. காங்கிரஸ் ஏப்ரல் 5, பாஜக ஏப்ரல் 14. அதாவது நாங்கள் ஓட்டுப் போட ஐந்து நாள் இருக்கும்போது. இரவு உட்கார்ந்து ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றால், எங்கள் தெருவில் வந்து நின்ற ஆட்டோவில் ஓடிய பேச்சுக்கும் அந்த அறிக்கைகளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் 1974-ல் கொடுத்த கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையை நினைவுபடுத்துகிறார், மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டுகிறார். அது மாநில அரசு தருவது, இது மக்களவைத் தேர்தல் என்று நான் வீட்டுக்குள் டிவியைப் பார்த்துக் கத்தினால் மனைவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

ஸ்டாஃப் ரூமில் இன்னும் மோசம். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்த எங்களுக்கெல்லாம் பழைய ஓய்வூதியம் ஒன்றுதான் தேர்தல். அதை யார் தருவார்கள் என்பதுதான் பேச்சு. நம்ம பென்ஷனை நாடாளுமன்றமா தீர்மானிக்குது என்று ஒருமுறை கேட்டுவிட்டு, நீ யார் பக்கம் என்ற பார்வையை வாங்கிக்கொண்டேன். எந்தப் பக்கமும் இல்லை என்று சொன்னால் நம்ப ஆள் கிடையாது. எல்லாரும் உள்ளுக்குள் ஒரு முடிவோடுதான் இருக்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் இங்கே பொதுவான நம்பிக்கை. அதனால் வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டுவந்த எல்லாக் கட்சிக்காரர்களிடமும் "போட்டுடுவோம்ணே" என்று தலையாட்டினேன். ஆட்டியது எதுவும் பொய்யில்லை, அப்போது எனக்கே தெரியாதே.

ஆளைப் பார்த்துப் போடுவதா, ஆட்சியைப் பார்த்துப் போடுவதா என்பதுதான் என் சிக்கல். ஆளைப் பார்க்கலாம் என்றால், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கட்சிக் கொறடா சொல்வதற்கு மாறாக எம்.பி. ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம், அப்புறம் ஆள் எதற்கு? ஆட்சியைப் பார்க்கலாம் என்றால், ஒரு அணிக்குப் பிரதமர் வேட்பாளர் இருக்கிறார், இன்னொரு அணி அதை அப்புறம் பார்க்கலாம் என்கிறது, மற்ற கட்சிகள் அந்தக் கேள்விக்கே வருவதில்லை. என் தொகுதியில் பிடித்த ஆள் ஒரு பக்கமும் பிடித்த கட்சி இன்னொரு பக்கமும் இருந்தார்கள். எந்தத் தொகுதி என்று சொல்லப்போவதில்லை.

சரி, அந்தப் பையனிடம் வருகிறேன். அவனிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகும் ஒருவர் வாக்களிக்காமல் போகலாம், 17ஏ-வில் அப்படி ஒரு குறிப்பு எழுதி இன்னொரு கையெழுத்து வாங்கினால் போதும், எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்கு அடுத்தவரை நேரே உள்ளே அனுப்பினால் முடிந்தது. இது எனக்கு மனப்பாடம். அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சொல்லியாக வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை. எப்படி அழுத்துவது என்று மாதிரி அட்டையை வைத்து விளக்கலாம், எதை அழுத்துவது என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். நான் எதை என்று சொல்லவில்லையே.

அதோடு, சொல்லாமல் இருந்ததற்கு நியாயமும் வைத்திருக்கிறேன். அவன் 49-ஓ எழுதியிருந்தால் அவன் ஓட்டுப் போடவில்லை என்பது அறையில் இருந்த எல்லா முகவருக்கும் தெரிந்திருக்கும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். இதே காரணத்துக்காகத்தான் 2013-ல் உச்ச நீதிமன்றம் நோட்டா பட்டனையே வைக்கச் சொன்னது. வேண்டாம் என்பவனுக்கும் ரகசியம் உண்டு என்றது. நான் உள்ளே அனுப்பியதால்தான் அவன் ரகசியம் தப்பித்தது. இப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது. ஆனால் தெரியலன்னு அவன் சத்தமாகவே சொல்லிவிட்டானே, அதில் காப்பாற்ற என்ன மிச்சம் இருந்தது என்று அடுத்து தோன்றிவிடும்.

ஏதாவது ஒண்ணு அழுத்திட்டுப் போங்க என்ற அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வது அது. தெரியாட்டியும் ஏதாவது எழுதிட்டு வா, காலியா விடாதே. பரீட்சையில் அது நல்ல புத்திமதி, தப்பாக எழுதினால் எழுதினவனுக்கு மட்டும்தான் நஷ்டம்.

பி1 டீச்சர் இதையெல்லாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மண்டல அலுவலரின் வண்டிக்காகப் பெட்டிகளோடு காத்திருந்தபோது சொன்னேன். "போட்டாரா இல்லையான்னு பாக்கறதுதான் சார் நம்ம வேலை, யோசிச்சுப் போட்டாரான்னு பாக்கறது இல்ல" என்றார். அலுவலகக் கணக்குக்கு அவர் சொன்னதுதான் சரி. தமிழ்நாட்டில் 69.72 சதவீதம் என்று வந்ததே, அதில் அந்தப் பையனும் ஒருவன், நானும் ஒருவன். முடிவெடுத்தவனும் எடுக்காதவனும் அந்தச் சதவீதத்தில் ஒன்றுதான்.

நோட்டாவை அழுத்தியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஜூன் 4 அன்று இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு. தங்கள் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டதால் நோட்டாவை அழுத்தச் சொல்லி காங்கிரஸ் கட்சியே பிரச்சாரம் செய்தது. ஆக யாருமே வேண்டாம் என்பதற்கும் ஒரு கட்சி வந்து ஓட்டுக் கேட்டாயிற்று. அதற்கு முன்பே சூரத்தில் போட்டியில்லாமல் ஒருவர் ஜெயித்துவிட்டார், அங்கே பட்டனே இல்லை. அந்த ஊர் வாக்காளர்களைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வெட்கமாகவும் இருந்தது.

என் ஓட்டை ஐந்தரை மணிக்கு மேல், வரிசை காலியான பிறகு போட்டேன். யோசித்துத்தான் போட்டேன் என்று சொல்ல ஆசை. பி3 பட்டனை அழுத்திவிட்டார், விளக்கு எரிகிறது, எல்லாரும் சீல் வைக்க அரக்கும் மெழுகுவர்த்தியுமாகத் தயாராக இருக்கிறார்கள் என்கிற அவசரத்தில் எவ்வளவு யோசிக்க முடியுமோ அவ்வளவு. அடுத்த டூட்டியில் இதேபோல ஒருவர் வந்து நின்றால், போடாமலும் போகலாம், இங்கே ஒரு கையெழுத்துப் போதும் என்பதை முதலில் சொல்லலாம் என்றிருக்கிறேன். வரிசை நீளமாக இருந்தால் சொல்வேனா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.