படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு ஏறும்

நம் பள்ளி ஓவிய அறையின் ஜன்னலோரம் எப்போதும் ஒரு மண்பானை இருக்கும். வாய்க்கு வேடு கட்டியிருப்பார்கள். புளித்த வாடை தாழ்வாரம் வரை வரும். உள்ளே ஊறியது இரும்பும் வெல்லமும். இயற்கைச் சாயத்தால் சித்திரம் தீட்டும் கலம்காரித் துணியின் கருப்புக் கோடு அத்தனையும் அந்தப் பானையிலிருந்து வந்ததுதான். கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகளான நமக்குத் தேரில் தொங்கும் உருளை வடிவத் துணித் தொம்பையும், சாமி புறப்பாட்டுக் குடையும், மண்டபத்து விதானச் சீலையும் பிறந்ததிலிருந்தே பழக்கம். அவை உருவாகும் விதத்தைத் துணியைத் தொட்டுக் கற்றுத் தந்தவர் நம் டிராயிங் மாஸ்டர். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் சிலர், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வசதியாகச் செய்முறையைப் பள்ளி மலரில் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அவர் கற்றுத்தந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கலம்காரி என்ற பேரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவில் மர அச்சால் ஒற்றுவார்கள். ஸ்ரீகாளஹஸ்தியிலும், நம் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கையாலேயே எழுதுவார்கள். நாம் கற்றது இரண்டாவது. காளஹஸ்தியில் இந்த வேலை மங்கிக்கொண்டிருந்தபோது, 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் அங்கே ஒரு பயிற்சி மையம் வந்தது. இன்று உலகம் அறிந்த காளஹஸ்திச் சீலைகள் பல அந்த மையம் உருவாக்கிய கைகளில் எழுதப்பட்டவை. நம் பக்கத்து வேலைக்குக் கருப்பூர் கலம்காரி என்று 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் உடுத்திய கோடாலிக்கருப்பூர்ச் சேலையின் பேரும் கருப்பூர் என்ற இதே ஊரின் பேர்தான். ஜரிகை நெசவும் மெழுகு மறைப்பும் கை எழுத்தும் சேர்ந்த அந்தச் சேலை, அரசு போனதும் ஆதரிப்பார் இல்லாமல் நின்றுபோனது.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்புச் சாயத்தைத் தொட்டு யாரும் சிவப்பு எழுதுவதில்லை. எழுதுவது படிகாரக் கரைசலை. அது காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. பிறகு துணி முழுவதையும் சாயத்தில் கொதிக்க வைக்கும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். கருப்பும் அப்படியே. பானையிலிருந்து எடுக்கும் நீர் வெளிறிய பழுப்புதான். துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்த பிறகே அது கறுக்கும். ஆகவே கோடு போடும் கைத்திறன் கால் பங்கு. துணியைப் பதப்படுத்துவதும் அலசுவதும் முக்கால் பங்கு.

துணி வெளுக்காத பருத்திக் காடாவாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் ஒரு பங்கு கலந்திருந்தாலும் அந்த இழையில் எதுவும் ஏறாது. சந்தேகமானால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி மென்மையான சாம்பலாகும், பாலியெஸ்டர் கெட்டியான மணியாக உருளும். கஞ்சி போகும்படி ஓர் இரவு ஊறவைத்து, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள். நன்றாகக் கசக்கிய துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் இன்னும் கஞ்சி இருக்கிறது என்று பொருள். அதன்மேல் வேலை செய்தால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத் துணி ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். அதற்கு 60 கிராம் கடுக்காய்ப் பொடி, கொட்டை நீக்கி இடித்தது. பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் இரவே ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, காய்ச்சாத எருமைப்பால் ஒன்றரை லிட்டரில் கலக்கவும். பாலின் கொழுப்புதான் எழுதும் நீர் பரவாமல் பிடித்து வைக்கிறது. லண்டனிலும் டொரன்டோவிலும் எருமைப்பாலுக்கு எங்கே போவது என்பீர்கள். கொழுப்பு நீக்காத பால், கிடைத்தால் ஜெர்சி மாட்டுப் பால், அதில் கொஞ்சம் கிரீம் சேர்த்தால் போதும். கொழுப்பெடுத்த பால் வீண். துணியைக் கால் மணி நேரம் புரட்டிப் புரட்டி நனைத்து, இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து ஒரே சீராகப் பிழிய வேண்டும். இங்கே அவசரம் கூடாது. ஓரிடத்தில் ஈரம் அதிகம் நின்றால் அங்கே துவர்ப்பும் அதிகம் நிற்கும், கடைசியில் அது கறையாகவே தெரியும். கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பு விழுந்த கோட்டில் அதே கதை. தரையில் விரித்து, பாதி காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். காய்ந்த துணி இளமஞ்சளாகப் பால் வாடையோடு இருக்கும். சில நாட்களுக்குள் எழுதிவிடுவது நல்லது, நாள் ஆக ஆகப் பால் கெடும்.

கருப்பு நீருக்கு 5 லிட்டர் தண்ணீர், அரை கிலோ வெல்லம் (பாதி கருப்பட்டியாக இருந்தால் நல்லது), 1 கிலோ இரும்புத் துண்டு. இரும்பை நெருப்பில் சுட்டுத் துருவைத் தட்டிவிட்டுப் போடுவார்கள். வெளிநாட்டில் ஆணி வாங்குகிறவர்கள் துத்தநாகம் பூசியதை வாங்கிவிடாதீர்கள், துருப்பிடிக்காத எஃகும் ஆகாது. எத்தனை வாரம் வைத்தாலும் அந்தத் தண்ணீரில் எழுதிய கோடு சரியாகக் கறுக்காது. வெறும் இரும்பாணி கேளுங்கள். நம் ஊர் வெயிலில் 15 முதல் 20 நாளில் பதம் வரும், குளிர்நாட்டில் வீட்டின் கதகதப்பான மூலையில் வைத்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு பிறக்கும். துணியால் வேடு கட்டி, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளியே வையுங்கள். கடுக்காய் ஏற்றிய ஒரு துண்டில் தொட்டுப் பார்த்தால் பதம் தெரிந்துவிடும். போட்டதும் சாம்பல் நிறம், சிறிது நேரத்தில் மையாகக் கறுத்தால் சரி. பழுப்பாகவே நின்றால் இன்னும் ஊற வேண்டும். கோடு மயிர் மயிராகக் கசிந்தால் குறை பானையில் இல்லை, பாலில் கொழுப்பு போதவில்லை.

இந்த நீரை வேண்டியதற்கு மேல் தடித்துப் போடாதீர்கள். இரும்பும் புளிப்பும் சேர்ந்து பருத்தி இழையை மெல்ல அரிக்கும். பழைய சீலைகளில் சிவப்பும் நீலமும் நன்றாக இருக்க, கருப்புக் கோடு மட்டும் இற்று உதிர்ந்து வெறும் ஓட்டையாக நிற்பது இதனால்தான்.

எழுதுகோல் மூங்கில் குச்சி. முனையைச் சீவி, முனைக்கு ஓர் அங்குலம் மேலே கம்பளித் துணியைச் சுற்றிப் பருத்தி நூலால் கட்ட வேண்டும். நீரில் தோய்த்து எழுதும்போது விரலால் அந்தக் கட்டை இலேசாக அழுத்தினால் நீர் முனைக்கு இறங்கும். கோட்டின் கனம் முழுக்க இந்த அழுத்தத்தில் இருக்கிறது. தோய்த்த கையோடு துணியில் வைத்தால் சொட்டு விழும். பானையின் விளிம்பில் ஒரு முறை வழித்துவிட வேண்டும். சொட்டு விழுந்தால் அழிக்க வழியே கிடையாது, அதை ஒரு பூவாகவோ முத்தாகவோ மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். நிரப்புவதற்கு முனை மழுங்கிய தடித்த குச்சி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உருவத்தை முதலில் கரியால் போடுகிறோம். புளிய மரத்துச் சுள்ளியைச் சட்டியில் அடுக்கி, மணல் மூடிச் சுட்ட கரி மிருதுவாக இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். பென்சில் கோடு போகாது. காளஹஸ்தி வழக்கில் தெய்வங்கள் நீலம், பெண்கள் பொன்மஞ்சள், அரக்கர்கள் சிவப்பு அல்லது பச்சை. கதைச் சீலையில் கட்டம் கட்டமாக ராமாயணமோ பாரதமோ ஓடும். நம் பக்கத்துத் தொம்பையில் பட்டை பட்டையாக யாளி, அன்னம், கிளி, தாமரை. காற்றில் சுழலும் உருளையின் மேல் தொங்குவதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வடிவம் அறுபடக் கூடாது, இரண்டு ஓரமும் பொருந்த வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் தொம்பைப் பட்டையைக் கொடுங்கள் என்பது என் யோசனை. ஒரே அன்னத்தைத் திரும்பத் திரும்ப எழுதும்போது கை தானாகப் பழகும். கதைக் காட்சியில் கை வைத்தால் முகத்திலேயே நின்றுவிடுவார்கள்.

கருப்புக் கோடு காய்ந்த பிறகு படிகாரம். 1 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம். அதிகம் போட்டால் ஆறியதும் அடியில் படிகமாக இறங்கிவிடும், குளிர்நாட்டில் இன்னும் சீக்கிரம். எழுதிய இடம் தெரிய வேண்டுமென்று ஒரு சிட்டிகை சிவப்புச் சாயம் கலப்பது உண்டு. சிவப்பு வர வேண்டிய இடமெல்லாம் இதைப் பூசி, ஒரு முழு நாளாவது காயவிட வேண்டும். இதில் ஒரு பங்கு கருப்பு நீர் கலந்தால் அரக்கு நிறமும் கத்தரிப்பூ நிறமும் வரும்.

அடுத்த அலசலில்தான் ஓவியம் பிழைப்பதும் கெடுவதும். இழையில் ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் படிகாரம் துணியை விட்டுப் போயாக வேண்டும். போகிற வழியில் வெறும் துணியில் உட்காரவும் கூடாது. தேங்கிய தண்ணீரில் முக்கினால் அது கரைந்து எல்லா இடத்திலும் படியும். கொதிக்கவைத்த பிறகு பார்த்தால் பின்னணி முழுக்க ரோஜா நிறமாகியிருக்கும், பிறகு என்ன செய்தாலும் போகாது. அதனால்தான் ஓடுகிற ஆற்றில் அலசுவார்கள். அரசலாற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களுக்காக மாஸ்டர் காத்திருந்தது அதற்குத்தான். முழங்கால் ஆழத்தில் நின்று, துணியை நீரோட்டத்தின் போக்கில் விரித்துப் பிடித்து, மடியாமல் ஒட்டாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் துணியைத் தொங்கவிட்டு ஷவரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள், கீழே தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அதற்கு முன் கோதுமைத் தவிடு கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஒரு முறை சுறுசுறுப்பாக அளைந்து எடுத்தால், மிஞ்சியதைத் தவிடு பிடித்துக்கொள்ளும். பின்னால் வெளுக்கும்போது வரும் சாணக் கரைசல் செய்யும் வேலைகளில் ஒன்று இது.

சிவப்புக்கு ஆதியில் சாயவேர். சோழமண்டலக் கரையின் மணலிலும், கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுத்த வேர் அது. டச்சுக்காரர் காலத்தில் அங்கே அரசு வருமானமாகவே இருந்தது. இப்போது மஞ்சிட்டி வேர். நம் 300 கிராம் துணிக்கு 150 கிராம் பொடியை மெல்லிய துணியில் முடிந்து, 10 லிட்டர் தண்ணீரில் போட்டு, துணியையும் குளிர்ந்த நிலையிலேயே இறக்குங்கள். ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடு ஏற வேண்டும், துணியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்கிற நீரில் துணியைப் போட்டால் முதலில் பட்ட இடம் சாயத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற இடம் வெளிறி நிற்கும். கொதி வரும் தறுவாயில் முக்கால் மணி நேரம் வைத்து இறக்கவும். செம்புப் பாத்திரமோ துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமோ போதும். இரும்பு அண்டாவில் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புக் கடினமாக இருந்தால் கவலை வேண்டாம், இந்தச் சிவப்புக்கு அது நல்லதே.

இப்போது பின்னணி அழுக்கு மஞ்சளாக இருக்கும். ஆட்டுச் சாணமோ மாட்டுச் சாணமோ கரைத்த நீரில் இரவு ஊறவைத்து, ஆற்று மணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெயிலில் வெளுப்பார்கள். படிகாரமும் இரும்பும் பிடித்த நிறம் நிற்க, மற்றது போகும். வெளிநாட்டில் கோடை மாதங்களில் ஈரப் புல்தரையில் விரித்தால் இதே பலன், நாள் கூடுதலாகும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போக வேண்டாம்.

மஞ்சளுக்கு முன்னால் மறுபடி ஒரு பால் முக்கு, இல்லையென்றால் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடும். கடுக்காய்ப் பூவைக் காய்ச்சிப் படிகாரம் சேர்த்தது நல்ல மஞ்சள். கிடைக்காதவர்கள் மாதுளந்தோல் காய்ச்சலாம். நீலம் அவுரி. அது காற்றுப் பட்டதும் முனையிலேயே உறைந்துவிடும் என்பதால் எழுதுவது சிரமம். அந்தக் காலத்தில் மற்ற இடமெல்லாம் மெழுகு பூசித் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். பள்ளி அளவில் நீலத்தை விட்டுவிட்டுக் கருப்பு, சிவப்பு, மஞ்சளோடு நிறுத்தினாலே சீலை நிறைவாக இருக்கும்.

இத்தனை படிகளையும் 1730களில் புதுச்சேரியில் போலியே என்ற பிரெஞ்சுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி, ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அது இன்றும் பாரிஸில் இருக்கிறது. 1742இல் கேர்தூ பாதிரியார் எழுதிய கடிதமும் இதே வேலையை விவரிக்கிறது. இந்தத் துணி வந்து குவிகிறது என்று 1686இல் பிரான்ஸ் தடை போட்டது, பின்னால் இங்கிலாந்தும் போட்டது. நம் கரையோரத்துக் கைகள் எழுதிய துணிக்கு அவ்வளவு பயம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ மியூசியத்திலும் அந்தத் துணிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய், கருப்புக் கோட்டின் ஓரத்தையும் துணியின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் கலம்காரி என்று விற்பதில் பெரும்பங்கு ஸ்கிரீன் பிரிண்ட். அதை அந்தப் பேரில் விற்பது எனக்குச் சம்மதமில்லை. கையால் எழுதியதில் ஒரே பூ இரண்டு இடத்தில் அச்சாக ஒன்றுபோல் இருக்காது, கோடு தொடங்கும் இடம் தடித்தும் முடியும் இடம் மெலிந்தும் இருக்கும்.

முடித்த சீலையைப் பூந்திக்கொட்டை நீரில் அலசுங்கள், நிழலில் உலர்த்துங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் கருப்புக் கோடு சீக்கிரம் இறும், குழாயில் சுருட்டி வையுங்கள். எலுமிச்சையோ புளியோ பட்டால் கருப்பு கரைந்து பழுப்பாகும்; பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும்.