பெசாக்கில் ஒரு இளம் வைனும் எங்கள் ஊர்க் கயரும்

பத்து வருடம் பாரிஸில் இருந்துவிட்டு 2022 ஜூலையில் போர்தோவுக்குக் குடிவந்தோம். வந்த கிழமையே ஊரெல்லாம் புகை. லாந்திராஸிலும் கடற்கரைப் பக்கம் லா தெஸ்த்திலும் பைன் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வெக்கை. ஏன் வந்தோம் என்று மனைவி ஒருநாள் அழுதேவிட்டாள்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் படியிறங்கினால் முருங்கைக்காய் வாங்கலாம். இங்கே போர்தோவை ஒட்டிய பெசாக்கில் வீடுகளுக்கு நடுவே திராட்சைத் தோட்டம். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு அப்பால் புகையிலைத் தோட்டம் தெரியுமே, அப்படி. ஷத்தோ பாப் கிளெமோன் என்று வாசலில் எழுதியிருந்தது. போர்தோவின் பேராயராக இருந்து 1305இல் ஐந்தாம் கிளமெண்ட் என்ற பெயரில் பாப்பரசரானவரின் தோட்டம். அதை அவர் தனக்குப் பின் வந்த பேராயர்களுக்கு விட்டுக்கொடுத்தாராம். பிரெஞ்சுப் புரட்சி வரும்வரை அது திருச்சபையின் சொத்து. 1937இல் ஆலங்கட்டி மழை கொடிகளை நாசமாக்கியது. அதன் பிறகும் மீண்டது. எழுநூறு வருடக் கதையுள்ள மண்ணின் ஓரமாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன்.

வேலை ஒரு உணவகத்தின் சமையலறையில். வைன் பொறுப்பில் இருந்த அம்மா புதுப் போத்தல் திறக்கும்போதெல்லாம் சமையல்காரரையும் கூப்பிடுவார். எதைச் சமைக்கிறோமோ அதனோடு குடிக்கப்போவதுதானே, உங்கள் நாக்கும் வேண்டும் என்பார். நான் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் ‘காசிஸ்’ என்பார்கள், ஒரு சின்னக் கறுப்புப் பழம், நானும் தலையாட்டுவேன். அந்தப் பழத்தை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் பாப் கிளெமோன் சிவப்பு வைன் வந்தது, 2022 அறுவடை. நாங்கள் புகைக்குள் வந்திறங்கிய அதே கோடை. முக்கியமாக கபர்னே சொவிஞோன், மெர்லோ என்ற இரண்டு திராட்சை வகைகள். வெள்ளைத் துணிக்கு மேல் கிளாஸைச் சரித்தேன். நடு கறுப்பு, விளிம்பு நல்ல ஊதா. வயதாக ஆக அந்த ஊதா போய்ச் செங்கல் நிறம் வரும். சுழற்றி முகர்ந்தபோது முதலில் வந்தது கராம்பு. அது பழத்தின் வாசமல்ல, ஓக் பீப்பாய் கொடுத்தது. அதற்குக் கீழேதான் கரும்பழ வாசம். புகை இருக்குமோ என்று வேண்டுமென்றே தேடினேன். இல்லை.

ஒரு வாய் எடுத்து உதட்டிடுக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்தேன். நாக்கின் இரு பக்கமும் இறுகிப்போனது. ‘என்ன தெரிகிறது?’ என்றார் அந்த அம்மா. காசிஸ் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் மொழியில் இதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, அறுசுவையில் ஒன்று, துவர்ப்பு, எங்கள் ஊரில் கயர் என்போம் என்றேன். அதிலும் இரண்டு விதம். பிஞ்சு வாழைக்காய்க் கயர் தொண்டை வரை சுரண்டும். நாவற்பழக் கயர் நாக்கைப் பிடிக்கும், ஆனால் பின்னாலேயே இனிப்பு வரும். இது நாவற்பழம்.

அவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

இளம் சிவப்பு வைனில் முக்கியமாகப் பார்ப்பதே இதைத்தான் என்று விளக்கினார். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வழுவழுப்பு போய் வாய் உலரும். பழம் முற்றாமல் பறித்திருந்தால் அது வாழைக்காய்க் கயர், எத்தனை வருடம் வைத்தாலும் முழுதாகப் போகாது. முற்றிய பழத்தின் டானின் காலப்போக்கில் மென்மையாகும், ஒரு பகுதி மண்டியாய் அடியில் தங்கும். எனக்கு உடனே பிளேன்டீ நினைவுக்கு வந்தது. கூடுதலாய் ஊறிய தேயிலையின் கயரைப் பால் அடக்குகிறதே, அதுவும் புரதத்தின் வேலைதான். இந்த வைனை இறைச்சியோடு குடிக்கச் சொல்வதும் அதனால்தான். இத்தனை காலம் என்னைப் பெற்ற அம்மா ஊற்றித் தந்த தேநீரில் இருந்த விஷயம்.

விழுங்கிய பின் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணினோம். ஒரு விநாடியை இங்கே ஒரு ‘கோதாலி’ என்கிறார்கள். நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். அருமையான வைன்தான், சந்தேகமே இல்லை. வெயில் கொதித்த வருடம் என்றாலும் புளிப்பு உயிரோடு இருந்தது. ஆனால் இப்போது கராம்பு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை. பத்து வருடமாவது இருட்டில் கிடக்கவேண்டும். அந்த அம்மாவும் அதையே சொல்லி, பட்டியலில் சேர்க்காமல் மற்றப் போத்தல்களை நிலவறைக்கு அனுப்பிவிட்டார்.

மிச்சத்தை என்னிடம் தந்தார். அடுத்த நாள் இரவு வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியோடு குடித்துப் பார்த்தோம். சரிவரவில்லை. மிளகாய்த் தூளின் எரிவு கயரை இரட்டிப்பாக்கியது. அப்புறம் உப்பும் மிளகும் மட்டும் போட்டுப் பொரித்த துண்டோடு எடுத்தோம். வைன் அப்படியே பணிந்துபோய் இனித்தது.

மனைவி ஒரு மிடறுதான் குடித்தாள். எழுந்துபோய் இருட்டு ஜன்னல் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். ஊதா.

‘நாவற்பழம் திண்ட மாதிரி,’ என்றாள்.

நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.