நியூட்ரிஷன் படித்துவிட்டு ஒரு இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்காக அலைந்த கதை

ஆர்.டி. என்று எல்லாரும் சொல்கிற பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வுக்கு என் விண்ணப்பம் ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. நிம்மதிதான். ஆனால் இத்தனை வருடப் படிப்பில் எந்தப் பாடமும் என்னை இவ்வளவு படுத்தவில்லை. ஒரே ஒரு தாள், இன்டர்ன்ஷிப் முடித்ததற்கான சான்றிதழ், படுத்தி எடுத்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது நிறையப் பெண்கள் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் சிரமமில்லாமல் போயின. உயிர்வேதியியல் கொஞ்சம் பயமுறுத்தும், முதல் வருடமே பிடித்துக்கொண்டால் அப்புறம் கவலையில்லை.

அட்மிஷன் சமயத்தில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பி.எஸ்சி. முடித்தவுடன் ஆர்.டி. எழுத முடியாது. எம்.எஸ்சி.யோ டயட்டெடிக்ஸில் முதுநிலைப் பட்டயமோ வேண்டும், அதோடு ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். தேர்வை நடத்துவது இந்திய டயட்டெடிக் சங்கம். பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்டர்வியூவுக்குப் போனால் முதல் கேள்வியே "ஆர்.டி. முடிச்சாச்சா?" என்பதுதான். ‘மூணு வருஷம் படிச்சா வேலை’ என்று நம்பிப் பெண்ணைச் சேர்த்துவிட்டு, பிறகு திகைத்து நிற்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மதுரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. வேலை நன்றாகவே இருந்தது. காலையில் வார்டு ரவுண்ட்ஸ், பிறகு சமையலறையில் ஒவ்வொரு தட்டையும் நோயாளியின் சார்ட்டோடு ஒப்பிட்டு அனுப்புவது, மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபீட் கணக்குப் போடுவது. டயட் டிபார்ட்மென்ட் தலைவியாக இருந்த அக்கா முதல் நாளே ஒரு தடித்த நோட்டை வாங்கி வரச் சொன்னார். பார்த்த ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் பெயர் போடாமல் அதில் எழுத வேண்டும், மாலையில் அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

அங்கே கோட்டையூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர் அட்மிட் ஆகியிருந்தார். சர்க்கரை, கூடவே சிறுநீரகமும் பழுது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் அச்சடித்து வைத்திருந்த சார்ட்டில் காலைக்கு ஓட்ஸ் கஞ்சி என்று இருந்தது. ஆச்சி அதைக் கையில் வாங்கவே இல்லை. "இதெல்லாம் எனக்கு இறங்காது ஆத்தா. நான் சாப்பிடுறதுல எது ஆகும், எது ஆகாதுன்னு சொல்லு" என்றார். நியாயமான கேள்வி. உட்கார்ந்து முந்தின நாள் முழுக்க என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதினேன். மதியத்துக்கு மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் மொச்சையும் காயும் புளியும் சேர்ந்த மண்டி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. மொச்சையை விட்டுவிடுங்கள், காயைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள், பொட்டாசியத்தில் நிறைய அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "வடிச்ச தண்ணிய வீணாக்காம ரசத்துல விட்டுக்கலாம்ல?"

அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால், வடித்ததெல்லாம் ரசம் வழியாக அவர் வயிற்றுக்கே திரும்பப் போயிருக்கும். காய் வெந்த தண்ணீரைக் கீழே ஊற்ற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு வராது. இது எந்தச் சார்ட்டிலும் இல்லை, நம் ஊர்ச் சமையல் தெரிந்தவர்தான் இதைக் கேட்டு வாங்க முடியும். செட்டிநாட்டிலிருந்து நிறையப் பேர் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சரி, சான்றிதழுக்கு வருகிறேன். கடைசி நாள் ஹெச்.ஆர். அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘இவர் எங்கள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார்’, அவ்வளவுதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இல்லை, எந்தத் துறை என்று இல்லை, மேற்பார்வை பார்த்த டயட்டீஷியனின் கையெழுத்தும் இல்லை. அங்கேயே கேட்டேன். எல்லாருக்கும் இதுதான், போதும் என்றார்கள். போதவில்லை. விண்ணப்பத்தோடு அனுப்பியது, விவரம் போதாது என்று திரும்பி வந்தது.

காரைக்குடியில் பஸ் ஏறி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போய், ஹெச்.ஆர். கவுண்ட்டரில் காத்திருந்து ஆளைப் பிடித்தால், "ஃபார்மேட் இதுதாம்மா, மாத்த முடியாது" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில். தேவையான விவரங்களை எழுதிக் காட்டினேன். அப்படியானால் டயட் டிபார்ட்மென்ட்டில் எழுதி வாங்கி வா என்றார். மேலே போனால் அந்த அக்கா வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டாராம். புதிதாக வந்தவர், "நான் உன்னைப் பார்த்ததே இல்லையேம்மா, எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கீழே இருந்தவருக்கு ஆள் மாறியது தெரியும், தெரிந்தே மேலே அனுப்பியிருக்கிறார். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அடுத்த தடவை அப்பச்சியும் கூட வந்தார்கள். அன்றைக்கு அந்த கிளார்க் லீவு, சீல் அவர் டிராயரில் பூட்டியிருக்கிறது. வெயிலில் வந்தது வீண். போகுமுன் போன் செய்து கேட்டோம், ‘வாங்க’ என்றுதான் சொன்னார்கள். அதனால் போனில் பேசும்போது ‘இருப்பீர்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள், சீல் யாரிடம், கையெழுத்து யார், அவர் அன்றைக்கு இருக்கிறாரா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அதற்கடுத்து நோட்டை எடுத்துக்கொண்டு நேரே புதிய டயட்டீஷியனிடம் போனேன். பக்கத்தைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. சிறுநீரக வார்டு கணக்கு ஒன்றை மட்டும் எப்படிப் போட்டேன் என்று கேட்டார், சொன்னேன். வருகைப் பதிவேட்டை வரவழைத்துத் தேதிகளைச் சரிபார்த்து, விவரமாக ஒரு கடிதம் எழுதி, மருத்துவக் கண்காணிப்பாளரிடம் அவரே கூட்டிப் போனார். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கீழே மாற்றவே முடியாது என்ற ஃபார்மேட், மேலே இருந்து சொன்னதும் மாறிவிட்டது.

அதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. எங்கள் வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல், மூன்று எழுத்து; பள்ளிச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றிலும் மூன்றும் இருக்கிறது. புதிய சான்றிதழில் ஒன்றை விட்டுவிட்டார்கள். "ஒரு எழுத்துதானேம்மா" என்றார் கிளார்க். மாற்றித் தரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நம் பக்கத்தில் பாட்டனார், தகப்பனார் எழுத்தெல்லாம் சேர்ந்து வரிசையாக வரும், வெளியூரில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி பெயரைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். வாங்கியதும் அங்கேயே எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

ஆஸ்பத்திரி வேலை மட்டும்தானா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும்போது நியூட்ரிஷன் பட்டமும் தகுதியில் வரும். கல்லூரியில் பாடம் நடத்த ஆசையிருந்தால் யு.ஜி.சி. நெட் தேர்வை மனையியல் பாடத்தில் எழுத வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகத்தான் விருப்பம் என்றால் மட்டும் நிதானியுங்கள். 2011 விதிகளின் தகுதிப் பட்டியலில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன, நியூட்ரிஷன் அப்படி இல்லை. அந்த வேலைதான் குறி என்றால் பிளஸ் டூ முடித்ததும் உணவுத் தொழில்நுட்பம் பக்கம் போவது நல்லது. தஞ்சாவூரில் நிஃப்டெம் என்கிற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக். இருக்கிறது, ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும்.

எனக்குப் பிடித்த இன்னொரு வேலை நம் ஊரிலேயே இருக்கிறது. தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர்களிடம் கடைக்காரர்கள் பாக்கெட்டில் சத்து விவர லேபிள் கேட்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்து விவரம் இருக்கிறது. அரிசிக்கும் வெல்லத்துக்கும் அதிலிருந்து கணக்கு எடுக்கலாம். ஆனால் அதிரசம் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று அதில் இருக்காது. பொரிக்கும் முன்னும் பின்னும் சட்டியோடு எண்ணெயை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பழக்கமான குடும்பம் ஒன்றுக்கு அப்படிப் போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கிய முதல் சம்பாத்தியம் அதுதான்.

தொலைதூரக் கல்வியில் நியூட்ரிஷன் படிக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து, 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. நியூட்ரிஷன் அதில் அடக்கம். ‘சேர்த்து விடுகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். நேரடிக் கல்லூரிக்குப் போகும்போதும் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: இன்டர்ன்ஷிப்புக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே ஆர்.டி. முடித்த டயட்டீஷியன் இருக்கிறாரா. ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லாமல் மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.