228

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பொங்கலை ஒட்டி சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் ஸ்கோர் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். தொட்டால் ஒரு பாயிண்ட், பிடித்தால் ஒரு பாயிண்ட், ஏழு பேரும் வெளியே போனால் லோனா இரண்டு. கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும், சண்டை வந்தால் நோட்டைக் காட்டலாம். இருபது வருடமாக இதைச் செய்கிறேன். அதே மாதிரி நோட்டு ஒன்று வீட்டிலும் இருக்கிறது. அதில் இருப்பது பாக்ஸிங்.

பாக்ஸிங்கில் பாயிண்ட் போடுவது கபடி மாதிரி இல்லை. ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். பெல் அடித்ததும், இந்த மூன்று நிமிடம் யாருடையது என்று முடிவு செய்து அவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. ஒரு தடவை கீழே விழுந்தவருக்குப் பெரும்பாலும் எட்டு. சுத்தமாகப் பட்ட அடி, பலனோடு முன்னேறிப் போவது, ரிங்கைத் தன் கையில் வைத்திருப்பது, அடி வாங்காமல் தப்பிப்பது என்று நான்கு விஷயம் பார்க்கச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் முதலாவதுதான் முக்கால்வாசி. க்ளவுஸ் மேலும் முழங்கை மேலும் விழுகிற அடிக்குக் கூட்டம் கூரை அதிரக் கத்தும். ஆனால் அடி வாங்கியவரின் தலை ஆடியிருக்காது, கால் பின்னால் போயிருக்காது. அதனால்தான் நான் சத்தத்தை மியூட்டில் வைத்துவிட்டுப் பார்ப்பேன். சத்தம் இருந்தால் காதுதான் பாயிண்ட் போடும்.

பன்னிரண்டு ரவுண்டு முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் கூட்டி, அந்த இரண்டையும் மறுபடி கூட்டிப் பார்ப்பேன். யாரும் விழவில்லை, சமம் என்று எந்த ரவுண்டையும் போடவில்லை என்றால் 228 வரவேண்டும். ஒரு ரவுண்டுக்கு 19, பன்னிரண்டு பத்தொன்பது 228. ஒரு தடவை விழுந்தால் 227. 2018-இல் ஒயில்டரும் ஃப்யூரியும் முதல் தடவை மோதியபோது ஃப்யூரி ஒன்பதாவது ரவுண்டிலும் பன்னிரண்டாவது ரவுண்டிலும் விழுந்தார். மூன்று ஜட்ஜும் மூன்று விதமாகப் போட்டார்கள்: 115-111, 112-114, 113-113. கூட்டிப் பாருங்கள், மூன்றுமே 226. யார் ஜெயித்தார் என்பதில் மூவரும் ஒத்துப்போகவில்லை, கணக்கு மட்டும் ஒத்துப்போனது. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இந்தப் பழக்கம் மாமாவிடமிருந்து வந்தது. அம்மாவின் தம்பி. 1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அதைப் பார்க்க ரயிலேறிப் போனவர். அப்புறம் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. ஊருக்கு வரும்போது மற்ற வீடுகளுக்குச் சேலையும் கோடாலித் தைலமும் வந்து இறங்கும். மாமாவின் பெட்டியில் வீடியோ கேசட்டும் இருக்கும். அதில் ஒன்று 1987 ஏப்ரல் 6-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்லர் - லெனார்டு.

மாமா இடக்கைக்காரர். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்கு விரல் மூட்டில் ஸ்கேலால் அடி வாங்கியவர், சாப்பாட்டுப் பந்தியில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவர். மார்வின் ஹேக்லரும் இடக்கை ஆட்டக்காரர். வலது கை முன்னால் நிற்கும், இடது கை பின்னாலிருந்து வரும். ஆறரை வருடமாக மிடில்வெயிட் சாம்பியன். அந்த ஆள் மேல் மாமாவுக்கு இருந்த பாசத்தை நான் வேறு எந்த விளையாட்டுக்காரர் மேலும் யாரிடமும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஹேக்லர் தோற்றார். இரண்டு ஜட்ஜ் லெனார்டுக்கு, ஒருவர் ஹேக்லருக்கு. அதோடு ஹேக்லர் க்ளவுஸைக் கழற்றியவர்தான், மறுபடி ரிங்கில் ஏறவே இல்லை.

“திருட்டுத் தீர்ப்பு மாப்ள. கடைசி முப்பது செகண்டு மட்டும் கைய வீசிட்டு ரவுண்ட எடுத்துட்டுப் போயிட்டான்” என்பார் மாமா. அதில் உண்மை இருக்கிறது. லெனார்டின் மூலையிலிருந்து இன்னும் முப்பது வினாடி என்று குரல் கொடுப்பார்கள், உடனே அவர் சரமாரியாக அடிப்பார். ஜட்ஜின் மனதில் கடைசியாகப் பார்த்ததுதானே நிற்கும்? கொள்முதல் நிலையத்தில் மூட்டையின் வாயிலிருக்கும் நெல் மினுமினுப்பாக இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். குத்தூசியை நடுவில் விட்டு எடுத்துப் பார்த்தால்தான் மூட்டை தெரியும். ரவுண்டும் அப்படித்தான், நடு நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் மாமா சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. முதல் ரவுண்டுகளில் ஹேக்லர் இடக்கைக்காரராக நிற்கவே இல்லை. வலக்கைக்காரர் மாதிரி மாறி நின்று ஆடினார். அந்த ரவுண்டுகள் கையை விட்டுப் போயின. அதைச் சொன்னால் மாமா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

நான் இந்தச் சண்டைக்கு மூன்று தடவை பாயிண்ட் போட்டிருக்கிறேன். சத்தத்தோடு பார்த்த முதல் தடவை 116-112, லெனார்டுக்கு. மியூட்டில் பார்த்தபோது 115-113, அதுவும் லெனார்டுக்கு. மூன்றாவது தடவை 114-114. அதே கண், அதே சண்டை. அதனால் 115-113 என்று எதிர்ப்பக்கம் போட்ட ஜட்ஜை நான் திட்ட மாட்டேன். மூன்று ஜட்ஜும் ரிங்கின் மூன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு நெஞ்சு தெரியும்போது இன்னொருவருக்கு முதுகுதான் தெரியும். 118-110 என்றால்தான் எனக்குப் பொறுக்காது. ஹேக்லர் சண்டையிலும் ஒரு ஜட்ஜ் அப்படித்தான் போட்டிருந்தார்.

2017-இல் கோலோவ்கினும் கனேலோவும் மோதியது நமக்கு செப்டம்பர் 17, ஞாயிறு காலை. மாயவரத்தில் காவிரி மகா புஷ்கரம். வீட்டில் எல்லோரும் துலாக் கட்டத்தில் முழுக்குப் போடக் கிளம்பிப் போனார்கள். மதியம் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று நான் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் கார்டு 115-113, கோலோவ்கினுக்கு. ஒரு ஜட்ஜ் அச்சாக அதையே போட்டிருந்தார், ஒருவர் 114-114. மூன்றாமவர் கனேலோவுக்கு 118-110. பன்னிரண்டில் பத்து ரவுண்டு! சண்டை டிரா ஆனது. அன்றைக்குக் காவிரியில் இறங்கி நின்றபோதும் மனசு ஆறவில்லை. ஒரு மனிதர் முப்பத்தாறு நிமிடம் உயிரைக் கொடுத்து ஆடியிருக்கிறார். அதை ஒருவர் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அப்படியென்றால் கபடி மாதிரி எண்ணிவிட்டால் என்ன? எண்ணிப் பார்த்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ராய் ஜோன்ஸ் 86 அடி போட்டார், கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தங்கம் பார்க்குக்குப் போனது, 3-2. அந்த அநியாயத்துக்குப் பிறகு 1992-இல் பட்டனைக் கொண்டுவந்தார்கள். ஐந்து ஜட்ஜில் மூன்று பேர் ஒரு வினாடிக்குள் அழுத்தினால்தான் பாயிண்ட். ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் முதலில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் விலாவில் இறங்கும் அடி எத்தனை ஜட்ஜுக்குத் தெரியும்? நான்கு அடி தொடர்ந்து போட்டால் விரல் எதற்கு அழுத்தும்? 2013-இல் பத்துக்கு ஒன்பது முறைக்கே திரும்பினார்கள். பார்த்து முடிவு செய்வதற்கு மாற்று கிடைக்கவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் தோற்ற அன்று என் மகள் எட்டாம் வகுப்பு. எதிரில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியா. மூன்று ரவுண்டு, ஐந்து ஜட்ஜ். முதல் ரவுண்டு நான்கு ஜட்ஜ் வலென்சியாவுக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் மும்மூன்று ஜட்ஜ் மேரிக்கு. கடைசியில் தீர்ப்பு 3-2, வலென்சியாவுக்கு.

“ரெண்டு ரவுண்டு ஜெயிச்சவங்க எப்படிப்பா தோப்பாங்க?”

தீப்பெட்டியை எடுத்து வந்து தரையில் பதினைந்து குச்சியைப் பரப்பினேன். ஒவ்வொரு ஜட்ஜுக்கும் ஒரு வரிசை, வரிசைக்கு மூன்று குச்சி. மருந்து மேலே இருந்தால் மேரி, கீழே இருந்தால் வலென்சியா. எண்ணச் சொன்னேன். மேலே ஏழு, கீழே எட்டு. ரவுண்டை யாரும் கூட்டுவதில்லை, ஒவ்வொரு ஜட்ஜும் தன் வரிசையைத்தான் கூட்டுகிறார். முதல் ரவுண்டில் கைவிட்டுப்போன நான்கு வரிசையையும் நிமிர்த்த மேரிக்கு அடுத்த இரண்டு ரவுண்டும் முழுசாக வேண்டியிருந்தது. அவள் குச்சிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து நோட்டில் கூட்டல் அவள் பொறுப்பு.

2024 மே மாதம் உசிக் - ஃப்யூரி சண்டையை மோட்டார் கொட்டகையில் பார்த்தேன். அந்த வருடம் மேட்டூரை நம்ப முடியாது என்று தெரிந்துபோனது. ஜூன் 12-இல் திறக்கவும் இல்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். போர் தண்ணீரை வைத்து நாற்றங்கால் விட்டிருந்தோம். அப்போது எங்கள் பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரிதான் வந்தது. ரியாத்தில் நள்ளிரவு தாண்டிய நேரம் நமக்கு விடியற்காலை நான்கு மணி. மோட்டார் சத்தத்தில் மியூட் போடவும் அவசியம் இல்லை. செல்போனை மூட்டை மேல் சாய்த்து வைத்து, டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்.

ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கை ஃப்யூரியைக் கண்டபடி அடித்தது. அவ்வளவு பெரிய மனிதர் கயிற்றுக்குக் கயிறு தள்ளாடிப் போனார், ஆனால் தரையில் விழவில்லை. கயிறு தாங்கிக்கொண்டது. கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்பதால் நடுவர் அதையும் விழுந்த கணக்கில் சேர்த்து எண்ணினார். 10-8. என் கையிலிருந்த டார்ச் வரப்பில் உருண்டு போனது. தீர்ப்பு உசிக்குக்கு: 115-112, 114-113, மூன்றாம் ஜட்ஜ் ஃப்யூரிக்கு 114-113. அந்த எட்டை ஒன்பதாக்கிப் பாருங்கள். 115-113, 114-114, மூன்றாவது ஃப்யூரிக்கு 115-113. டிரா! உலக ஹெவிவெயிட் பட்டம் முழுவதும் ஒரே ஆள் கைக்கு வந்தது அந்த ஒரு பாயிண்டில்தான்.

போன மாதம் மாமா வந்திருந்தார். இப்போது பார்வை கொஞ்சம் மங்கல், டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹேக்லர் - லெனார்டை மியூட்டில் போட்டேன். இத்தனை வருடத்தில் அவர் அதைச் சத்தமில்லாமல் பார்த்ததே இல்லை. ஆளுக்கு ஒரு தாள். ஒரு ரவுண்டை எழுதிவிட்டால் திருத்தக் கூடாது, பின்னால் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. சரி என்றார்.

அந்தச் சண்டையின் உயிரே ஒன்பதாவது ரவுண்டுதான். ஹேக்லர் லெனார்டை மூலையில் தள்ளி அடிக்கிறார், முடிந்தது என்று நினைக்கும்போது லெனார்டு அங்கிருந்தே இரண்டு கையாலும் பொழிந்துகொண்டு வெளியே வருகிறார். மறுபடி மூலை, மறுபடி மழை. ஹேக்லருக்குத்தான் என்று மாமா எத்தனையோ தடவை என்னோடு சண்டை போட்ட ரவுண்டு அது. பெல் அடித்தது. மாமா இடது கையில் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மறைத்துக்கொண்டு எழுதினார்.

முடிந்ததும் மகள் இரண்டு தாளையும் வாங்கிக் கூட்டினாள். என்னுடையது 228. மாமாவுடையதை இரண்டு தடவை கூட்டினாள்.

“தாத்தா, ஹேக்லர் 115, லெனார்டு 114. 229 வருதே. ஒண்ணு கூட இருக்கு.”

நான் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தேன். ஒன்பதாவது வரியில் இரண்டு பக்கமும் பத்து.

“திருத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன மாப்ள” என்றார் மாமா. “அப்படியே இருக்கட்டும்.”