கல்முனைக் கடையின் குத்தகையை அம்பாறைப் பிரிவுக்கு மாற்றிய அனுபவம்

அரை நாளில் முடிய வேண்டிய வேலை. எனக்கு மூன்று கிழமை எடுத்தது. இதே வேலை உங்கள் மேசைக்கும் வரக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் கல்லடி தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் எல்லாமே மட்டக்களப்புப் பிரிவின் கீழ்தான் இருந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் அம்பாறை மாவட்டம் தனிப் பிரிவு என்று முடிவானது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுக் கடைகள், அம்பாறை நகரில் ஒரு ஸ்டோர் என்று நான்கு கட்டடக் குத்தகைகளைக் குத்தகைக் கணக்கு மென்பொருளில் புதிய பிரிவுக்கு நகர்த்த வேண்டும். பிரிவைத் திறந்து குறியீடு கொடுத்தது ஒரு காலையில் முடிந்துவிட்டது.

முதல் அலைச்சல் தலைமையகத்தால் வந்தது. "குத்தகை மாற்றம்" என்ற சொல்லைப் பார்த்ததும், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் கோப்பை எடுக்கமாட்டேன் என்றார் அங்கிருந்தவர். நானும் நம்பி, கடிதத்தை அடித்துக்கொண்டு கல்முனைக்குப் பஸ் ஏறினேன். கடைக்குச் சொந்தக்காரரான ஹாஜியார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"கடைய வேற ஆக்களுக்குக் குடுக்கப் போறீங்களா மகள்?"

"இல்ல ஹாஜியார், எங்கட கம்பெனிக்குள்ள கணக்கு மாத்துறது மட்டும்தான்."

"அப்ப எனக்கு எதுக்கு இந்தக் கடிதம்? உறுதி எழுதினது நொத்தாரிசு. அவர் இல்லாம நான் ஒண்டிலயும் கையெழுத்து வெக்க மாட்டன்."

அவர் சொன்னதுதான் சரி. உறுதியில் இருப்பது நிறுவனத்தின் பெயர், எந்தப் பிரிவின் பெயரும் அதில் இல்லை. வாடகையும் காலமும் இடமும் மாறவில்லை. ஆகவே எஸ்.எல்.எப்.ஆர்.எஸ் 16 (குத்தகைகளுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம்) சொல்கிற குத்தகைத் திருத்தமும் இங்கே நடக்கவில்லை, மீள அளவிட எதுவும் இல்லை. யாரிடமும் போவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இரண்டு பிரிவும் ஒரே பதிவுள்ள கம்பெனியா? ஆம் என்றால் உரிமையாளரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். தனித்தனிக் கம்பெனிகள் என்றால் அது உண்மையான கைமாற்றம். நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணி, கட்டடக் குத்தகை நொத்தாரிசு முன்தான் எழுதப்பட வேண்டும், எனவே சம்மதமும் புதிய உறுதியும் தேவைப்படும். கணக்கு வைக்கும் முறையும் வேறு.

இரண்டாவது அடிதான் பெரியது. மென்பொருள் உதவிக்கு எடுத்துப் பேசியபோது, "பழைய குத்தகையை முடித்துவிட்டுப் புதிய பிரிவில் மறுபடி பதியுங்கள், அதுதான் சுலபம்" என்றார்கள். கல்முனைக் கடையை அப்படியே செய்தேன். மாத வாடகை ஒரு இலட்சம் ரூபாய், 2021 ஏப்ரலில் தொடங்கிய 5 வருடக் குத்தகை, இன்னும் 36 மாதம் மீதி. 2021இல் நாங்கள் போட்ட கழிவு வீதம், அதாவது வரப்போகும் வாடகைகளை அன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் வட்டி வீதம், 9 சதவீதம். மார்ச் 31இல் குத்தகைப் பொறுப்பு (இனிக் கட்டவேண்டிய வாடகையின் அன்றைய பெறுமதி) 31.45 இலட்சம், பயன்பாட்டு உரிமைச் சொத்தின் (கட்டடத்தைப் பாவிக்கும் உரிமைக்குக் கணக்கில் போட்ட பெறுமதி) மீதி 28.90 இலட்சம். முடித்ததும் இந்த இரண்டும் கழிந்து, வித்தியாசமான சுமார் 2.5 இலட்சம் மட்டக்களப்பின் இலாபமாக வந்து விழுந்தது. யாரும் உழைக்காத இலாபம்! புதிதாகப் பதிந்தபோது மென்பொருள் அன்றைய வீதத்தைக் கேட்டது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திய பிறகு கடன் வட்டி எங்கே நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது எங்கள் வீதம் 24 சதவீதம். வீதம் கூடியதால் பொறுப்பு 25.49 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. அதே கடை, அதே வாடகை, ஆனால் கிட்டத்தட்ட 6 இலட்சம் கடன் காணாமல் போயிருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்காய்வாளர் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் தலைகீழாகப் பதிந்து மீட்டதற்கே நான்கு நாள் போனது. தயவுசெய்து முடித்துப் பதியும் வழிக்குப் போகாதீர்கள். பிரிவை மாற்றுவதற்கென்றே மென்பொருளில் தனி வசதி இருக்கிறது, எங்களுடையதில் அது மூன்றாவது பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது. அது பழைய வீதத்தையும் பழைய அட்டவணையையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகும்.

அதிலும் திகதியைக் கவனியுங்கள். திரை தானாக அன்றைய திகதியைக் காட்டும். நான் செய்த நாள் மே 9. அதை ஏற்றிருந்தால் ஏப்ரல் மாதப் பெறுமானத்தேய்வு 80,289 ரூபாயும் வட்டி 23,585 ரூபாயும் மட்டக்களப்பின் செலவாகவே நின்றிருக்கும். ஏப்ரல் 1 என்று போட்டால், ஏப்ரல் மூடப்பட்டுவிட்டது என்று மறுத்தது. ஏப்ரலைத் திறக்க அனுமதி எடுத்தால், அங்கீகாரம் கிடைக்காத மார்ச் வாடகைப் பட்டியல் ஒன்று கிடக்கிறது என்று மறுபடி மறுத்தது. அங்கீகரிக்க வேண்டியவரோ லீவில். இதையெல்லாம் முதலே துப்புரவாக்கிவிட்டு அந்தத் திரைக்குப் போங்கள்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். கல்முனைக்கு எழுதியது (இலட்சத்தில்): சொத்தின் கிரயம் 48.17, திரண்ட தேய்வு 19.27, பொறுப்பு 31.45. மாற்றிய பின் இரண்டு பிரிவின் பரீட்சை மீதியையும் (எல்லாக் கணக்கு மீதிகளின் பட்டியல்) பக்கத்தில் வைத்துச் சதம் சதமாக ஒப்பிட்டேன். நான்கு கட்டடமும் சரியாக வந்தன. கதிரையில் சாய்ந்து ஒரு பிளேன்டீ குடித்தேன். ஆனால் உரிமையாளரிடம் கட்டிய அட்வான்சும், கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வைத்த ஒதுக்கமும் மட்டக்களப்பிலேயே நின்றன. அவை குத்தகையோடு சேர்ந்து போவதில்லை, கையால்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

முடிந்தது என்று நினைத்திருக்க, ஜூன் முதல் கிழமையில் ஹாஜியார் தொலைபேசி எடுத்தார். "மகள், மே மாத வாடகை இன்னும் வரல்ல." உரிமையாளர்களின் கொடுப்பனவுப் பதிவு பழைய பிரிவோடு கட்டப்பட்டிருந்ததால், அம்பாறைப் பிரிவின் கொடுப்பனவுப் பட்டியலில் அவர் பெயரே ஏறவில்லை. அன்றைக்கே பதிவைத் திருத்திப் பணத்தை அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன். மற்ற மூன்று பேரின் பதிவையும் அதே கையோடு மாற்றினேன். இனி டெலிவரி வேன் இரண்டின் லீஸ் இருக்கிறது. அதற்கு முதல் வேலையாகக் கொடுப்பனவுப் பதிவைத்தான் திறப்பேன்.